கூதிர்காலத்து உடையும் ஜவுளிக்கடையின் அன்றாடமும்

தமிழ் இலக்கண மரபு ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது. அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த இரு திங்கள் கூதிர் எனப்படும். வாடைக்காற்றும் விடாத தூறலும் உடன்வரும் இப்பருவத்தை, இலை உதிர்வதைக் கொண்டு காலத்துக்குப் பெயர் வைத்த குளிர்நாடுகளின் பருவத்தோடு ஒப்பிட்டால், நாட்கணக்கு ஏறத்தாழப் பொருந்தும், உடைக்கணக்கு பொருந்தாது. லண்டனிலும் நியூயார்க்கிலும் அம்மாதங்களில் கம்பளி மேற்சட்டைகளும் அடர்நிறத் துணிகளும் கடைக்கு வருவதற்குக் குளிர் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதே மாதங்களில் ஜவுளிக்கடைகள் நிரம்பி வழிவதற்குக் காரணம் பஞ்சாங்கமும் கூலியும்தான். இவ்விரண்டும் ஒரு வட்டாரத்தின் உடைப்பருவத்தை எவ்வாறு வகுக்கின்றன என்பதும், அந்த வகுப்பை நாள்தோறும் கையில் எடுத்து மடித்து வைக்கும் கடைக்காரரின் வாழ்க்கை எத்தகையது என்பதும் இவ்வுரையின் பொருள்.

கூதிரின் குளிரைத் தமிழ் அறியாததன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை முழுவதுமே இப்பருவத்தின் பாட்டு. சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடப்பதையும், சாளரங்கள் அடைபட்டிருப்பதையும், நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் பாண்டியன் தோளிலிருந்து நழுவும் மேலாடையைக் கையால் அணைத்துக்கொள்வதையும் நக்கீரர் அதில் காட்டுகிறார். அரசனுக்கே ஒரு மேலாடைதான் குளிருக்குத் துணை என்பது அப்பாட்டு தரும் செய்தி. இன்றும் இவ்வூர்களில் கார்த்திகை விடியலில் தெருவில் நடப்பவர் ஒரு துண்டையோ சேலைத் தலைப்பையோ தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொள்வதோடு குளிருக்குரிய ஆடை முடிந்துவிடுகிறது. எனவே இங்கே பருவத்தின் உடை எது என்று கேட்பவர், வானிலையை விட்டுவிட்டு நோன்புகளின் வரிசையைப் பார்க்க வேண்டும்.

அந்த வரிசை கூதிருக்குச் சற்று முன்பே, கார்காலத்தின் கடைசித் திங்களாகிய புரட்டாசியில் தொடங்குகிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே திருவண்ணாமலை என்னும் குன்றின்மேல் கோயில்கொண்ட சீனிவாசப் பெருமாளைக் காண மக்கள் திரண்டு வருவர். நேர்ந்துகொண்டவர்களின் மஞ்சள் ஆடை அந்த மாதம் முழுவதும் சாலைகளில் தென்படும். ஐப்பசியில் தீபாவளிக்கு அடுத்த நாட்களில் கந்தசஷ்டி விரதம் வந்துவிடுகிறது. திருச்செந்தூர் செல்வோர் பச்சையும் மஞ்சளும் தேடுவர். கார்த்திகை முதல் நாளில் சபரிமலைக்கு மாலை போடுவோருக்காகக் கறுப்பும் கருநீலமும் காவியும் ஆகிய வேட்டி துண்டுகள் கடையின் முன்வரிசைக்கு வந்தாக வேண்டும். அதற்கு அடுத்து மேல்மருவத்தூர் செல்லும் பெண்களின் சிவப்புச் சேலை. இவை விலை குறைந்தவை, வேலைப்பாடற்றவை, உடை வணிகம் பேசும் எந்த ஏட்டிலும் இடம்பெறாதவை. ஆயினும் இவ்வட்டாரத்தில் ஒரு பருவத்தின் நிறம் எது என்று கேட்டால் நேர்மையான விடை இவைதாம். உடுத்துபவர் தம் விருப்பத்தைச் சில வாரங்களுக்கு ஒதுக்கி வைத்து, தெருவில் உள்ள மற்றவரோடு ஒரே நிறத்தில் நிற்பதற்காக வாங்கும் துணி இது. வேறுபட்டுத் தெரிவதற்காகவே புத்தாடை என்று கருதும் வணிகத்துக்கு இத்துணி நேர் எதிரானது.

விரத உடை என்பது சமயத்தோடு மட்டும் நின்றுவிடவில்லை என்பதற்கு இதே பருவத்தில், இவ்வூர்களுக்கு எட்டும் தொலைவிலேயே ஒரு சான்று உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று, அதாவது புரட்டாசித் தொடக்கத்தில், மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி தம் சட்டையையும் தொப்பியையும் விட்டு, அரையாடையோடு வெளியே வந்தார். முழத்துணிக்கு மேல் வாங்க இயலாத உழவரின் உடையைத் தம் உடையாக ஏற்ற அந்த முடிவு, இந்திய வரலாற்றில் ஒரு தனிமனிதர் உடையைப் பற்றி எடுத்த முடிவுகளுள் மிகப் பெரியது. காந்தியின் வழி இவ்வூர்களிலும் தடம் பதித்தது. ராஜபாளையத்தைச் சேர்ந்தவரும் 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவருமான பூ. ச. குமாரசாமி ராஜா காந்திய நெறியில் வாழ்ந்தவர். தம் வீட்டையே பொதுப்பணிக்கு அளித்தவர். அவ்வூரின் காந்தி கலைமன்றம் அவர் நினைவோடு இணைந்தது.

துறத்தலும் புனைதலும் ஒரே நோன்பின் இரு முனைகள் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் வேறெந்த ஊரைக் காட்டிலும் நன்கு அறியும். அவ்வூர் தந்த ஆண்டாளின் திருப்பாவையில் இரண்டாம் பாட்டு மையையும் மலரையும் விலக்குகிறது. இருபத்தேழாம் பாட்டில்தான் வளையும் தோடும் பாடகமும் ஒவ்வொன்றாகத் திரும்ப வருகின்றன, அவற்றின் பின்னரே ஆடை, ஆடையின் பின்னரே நெய் வழியும் பால்சோறு. அணிகலன், ஆடை, உணவு என்ற அந்த வரிசையும், அதற்கு முன் இருபத்தைந்து பாட்டுகளாக நீளும் காத்திருப்பும், புத்தாடைக்கு மதிப்பைத் தருவது விலையா, அல்லது அதற்கு முன் விட்டுவைத்த நாட்களா என்ற கேள்வியை எழுப்புகின்றன. புரட்டாசியில் ஒரு வேளை உண்டு, மஞ்சள் துணியோடு குன்றேறிய குடும்பமே ஐப்பசியில் தீபாவளிப் புடவைக்கு வந்து நிற்கிறது என்பதைக் கண்ட கடைக்காரருக்கு அந்தக் கேள்வியின் விடை புதிதன்று.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் ஆண்டு நடைமுறையிலும் துணி நடுநாயகமான இடம் பெறுகிறது. ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ஆண்டாள் உடுத்துவதற்குத் திருப்பதியிலிருந்து பட்டு வருகிறது. புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்கு ஆண்டாள் சூடிய மாலை இங்கிருந்து திருப்பதிக்குப் போகிறது. கார்த்திகை வளர்பிறை ஏகாதசியாகிய கைசிக ஏகாதசியில் நிகழும் சடங்கு இவ்வுரையின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. கைசிகம் என்பது ஒரு பண்ணின் பெயர். நம்பாடுவான் என்னும் பாணர் அப்பண்ணைப் பாடிப் பெற்ற பேற்றை வராக புராணம் சொல்ல, திருக்குறுங்குடியில் அது இன்றும் நாடகமாக நடிக்கப்படுகிறது. அந்த ஏகாதசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கும் அவள் மணாளன் ரங்கமன்னாருக்கும் 108 போர்வைகள் சாற்றப்படுகின்றன. பலவகைப் பட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோளில் ஏறி இறங்க, கூடியிருப்போர் ஒவ்வொரு துணியின் நிறத்தையும் கரையையும் கண்ணால் அளந்துகொண்டிருப்பர். பக்தியின் கண்ணும் துணியின் தரம் அறிந்த கண்ணும் அங்கே ஒன்றாகவே வேலை செய்கின்றன. தெய்வத்துக்குக் குளிரும் என்ற பரிவில் பிறந்த இச்சடங்கே இவ்வூரின் கூதிர்கால உடைக்காட்சி என்று சொல்வது மிகையாகாது.

சூடிய மாலையும் உடுத்திய பட்டும் கோயிலில் மதிப்பு ஏறுகின்றன. கடையிலோ மடிப்பு கலைந்த சேலை மதிப்பு இழக்கிறது. ஜவுளிக்கடைக்காரரின் அன்றாடத்தில் பெரும்பகுதி இந்த இழப்பைத் தடுப்பதிலேயே கழிகிறது எனலாம். காலையில் வாசல் தெளித்து, சாம்பிராணி காட்டி, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டுக் கடை திறந்த பிறகு முதல் விற்பனையாகிய போணிக்காகக் காத்திருப்பதும், போணி ஆகும்வரை கடன் பேச்சுக்கு இடம் தராதிருப்பதும் பழைய ஒழுக்கங்கள். அதன் பின் இரவு வரை விரிப்பதும் மடிப்பதும்தான் வேலை. ஒரு சேலை வாங்க வரும் குடும்பத்துக்கு முப்பது சேலைகளை விரித்துக் காட்ட நேர்வது தீபாவளி வாரத்தில் இயல்பு. மீதமுள்ளவற்றைப் பழைய மடிப்பிலேயே, முந்தானை வெளித்தெரியும்படி, தாள் செருகித் திரும்ப அடுக்கினால்தான் மறுநாள் அவை புதியவை. வடகிழக்குப் பருவமழை இவ்வேலையை இரட்டிப்பாக்குகிறது. ஈரக்காற்றில் பருத்தியில் பூஞ்சை பிடிக்கும். சரிகையில் உள்ள வெள்ளி கறுக்கும். பட்டு நூலின்மேல் வெள்ளிக்கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியதே சரிகை என்பதால், முலாம் தேய்ந்த இடத்தில் ஈரம் முதலில் வெள்ளியைத் தாக்குகிறது. ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் கிடக்கும் பட்டு மடிப்பிலேயே இற்றுவிடவும் செய்யும். ஆகவே கூட்டம் இல்லாத பிற்பகல்களில் பட்டுகளை எடுத்து மடிப்பை மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கும் வேலை ஓயாமல் நடக்கிறது. வாங்குவோர் இதைக் காண்பதில்லை. கண்டால், பேரம் பேசும் குரல் சற்றுத் தணியும்.

பஞ்சாங்கம் பருவத்தின் ஒரு கால் என்றால் கூலி மற்றொரு கால். 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நிறுவிய ராஜபாளையம் மில்ஸ் தொடங்கி, நூற்பாலைகள் இவ்வூரின் பொருளாதாரத்தை வகுத்தன. உழவை நம்பிய ஊர் தையை எதிர்பார்த்தது, ஆலையை நம்பிய ஊர் ஐப்பசியை எதிர்பார்க்கலாயிற்று. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் ஆண்டு ஊதியத்தில் குறைந்தது 8.33 சதவீதத்தை, அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தை, மிகையூதியமாகத் தரவேண்டும் என விதித்தது. தமிழ்நாட்டில் அது தீபாவளியை ஒட்டியே தரப்படுவது வழக்கம். போனஸ் கைக்கு வரும் நாளும் தீபாவளியும் எவ்வளவு நெருங்கி அமைகின்றனவோ அவ்வளவுக்குக் கடையில் நெரிசல் மிகும், நிதானம் குறையும். இருபது நாட்கள் இடைவெளி இருந்தால் குடும்பம் இரண்டு கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுக்கிறது. மூன்று நாட்களே இருந்தால் கிடைத்ததை எடுத்துச் செல்கிறது. அனுபவமுள்ள கடைக்காரர் ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு ஆவணியிலேயே கொள்முதலுக்குப் புறப்படுவது இதனால்தான். ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயில் முடியும் வாரச்சந்தை, திருப்பூர், செயற்கை இழைச் சேலைக்குச் சூரத் என்று அவருடைய பயணம் நீளும். இரண்டு மாதம் கழித்து இவ்வூர்ப் பெண்கள் எந்த நிறத்தைக் கையில் எடுப்பர் என்று அங்கே நின்று கணிக்க வேண்டும். கணிப்பு தவறிய நிறம் அடுத்த ஆடி வரை அலமாரியின் மேல்தட்டில் தூங்கும். மழைக்கு எளிதில் காயும் என்பதற்காகச் செயற்கை இழைச் சேலையை விரும்பும் உழைக்கும் பெண்ணின் கணக்கை, பருத்தியே உயர்ந்தது என்று போதிப்பவர் மதிக்கத் தவறக்கூடாது.

ஜவுளிக்கடைக்கு அடுத்த தலைமுறையாக இவ்வூர்களில் தோன்றியிருப்பது பொட்டிக். பிரெஞ்சு மொழியில் சிறுகடை என்று மட்டும் பொருள்படும் இச்சொல், தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பெரும்பாலும் ஒரு பெண் நடத்தும் தையலகத்தையும் அதனோடு சேர்ந்த தெரிவுசெய்த துணிகளையும் குறிக்கிறது. அதன் உயிர்நாடி ஜாக்கெட். சேலை எங்கே வாங்கினாலும் அதற்குரிய ஜாக்கெட் உடுத்துபவரின் உடலுக்கென்றே தைக்கப்பட வேண்டியிருப்பதால், பெருங்கடைகளும் இணைய வணிகமும் எட்ட முடியாத இடத்தில் பொட்டிக் நிற்கிறது. பெண்கள் எண்களால் அளவு சொல்வது அரிது. நன்றாகப் பொருந்திய ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுப்பர், அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். அதை வாங்கி வைக்கும்போதே உடம்பு இளைத்ததா பெருத்ததா, கழுத்து இறக்கம் வீட்டில் பெரியவர்கள் ஏற்கும் அளவுதானா என்பதையெல்லாம் உரிமையாளர் ஓரிரு கேள்விகளில் அறிந்துகொள்ள வேண்டும்; தையலுக்கு நிகரான திறமை இது. உள்துணியாகிய லைனிங்கை முன்னதாகவே நனைத்துக் காயவைத்துச் சுருக்கம் எடுத்த பின்னரே வெட்ட வேண்டும் என்பதும், ஐப்பசி அடைமழையில் அந்த ஒரு படி இரண்டு நாளை விழுங்கிவிடும் என்பதும், வாக்களித்த தேதியை எழுதும்போது அவர் நினைவில் இருந்தாக வேண்டியவை.

புரட்டாசியில் மணவிழாக்களைத் தவிர்க்கும் குடும்பங்கள் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்குக் காத்திருப்பதால், ஓய்வாக இருக்க வேண்டிய புரட்டாசியே பொட்டிக்கின் மிகக் கடினமான மாதமாகிறது. மணப்பெண்ணின் ஜாக்கெட்டுக்கு இன்று ஆரி வேலைப்பாடு ஏறத்தாழக் கட்டாயம். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, நுனியில் கொக்கியுள்ள ஊசியால் மேலிருந்து குத்தி அடியிலுள்ள நூலைச் சங்கிலிபோல் மேலே இழுத்துக் கோக்கும் தையல் ஆரி. அதனோடு மணி, ஜமிக்கி, சரிகைச்சுருள் ஆகியவை சேர்கின்றன. நெருக்கமான ஒரு முதுகுப்பகுதி வேலைக்குப் பல நாட்கள் குனிந்து அமர்ந்திருக்க வேண்டும். தீபாவளியின் அவசர ஜாக்கெட்டுகளும் முகூர்த்தத்தின் ஆரியும் சேலைக்கு ஃபால்ஸ் வைத்தல், முந்தானைக்குக் குஞ்சம் முடிதல் ஆகிய சில்லறை வேலைகளும் ஒரே மேசையில் வந்து குவியும்போது, வீட்டு அடுப்பையும் குழந்தைகளின் பள்ளியையும் கூடவே பார்க்கும் அந்தப் பெண் எத்தனை மணிக்கு உறங்குகிறார் என்பதைக் கணக்கெடுத்தவர் இல்லை.

துணியைத் தேடிச் சூரத் வரை போகும் இவ்வூர்க் கடைகளைச் சுற்றி, கையெட்டும் தொலைவில் மூன்று வேறுபட்ட துணித்தொழில்கள் உயிரோடு இருக்கின்றன. வத்திராயிருப்புப் பக்கத்துச் சுந்தரபாண்டியத்தில் கைத்தறியில் பருத்திச் சேலை நெய்கிறார்கள். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்குரிய கட்டுத்துணி நெய்யப்பட்டு நாடெங்கும் செல்கிறது. காயத்தின்மேல் நேராகப் படியும் அத்துணி எந்த அலங்காரமும் அற்றது, ஆனால் அதைவிட உடலுக்கு நெருக்கமான ஆடை வேறில்லை. தளவாய்புரத்திலும் சுற்று ஊர்களிலும் நைட்டியும் உள்பாவாடையும் தைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பெண் வீட்டில் மிக நீண்ட நேரம் அணிவது நைட்டியே. பட்டுக்கும் ஆரிக்கும் எழுதப்படும் பக்கங்களில் ஒரு சிறு பங்குகூட அதற்கு எழுதப்படவில்லை. துணி வெட்டுவது ஓரிடம், தைப்பது பல வீடுகள், காஜா எடுத்து மடிப்பது மற்றோரிடம் என்று அத்தொழில் தெருக்களில் பரவிக் கிடக்கிறது. உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில் தைக்கும் பெண்களுக்கும் கூதிரே பருவம், ஏனெனில் தீபாவளிக் கொள்முதல் அவர்களுடைய ஊசிகளையும் விரைவுபடுத்துகிறது.

வரியும் சட்டமும் இப்பருவத்துக்குள் நுழைந்து வேலை செய்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் உருப்படிக்கு 2,500 ரூபாய் வரையிலான தைத்த ஆடைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அதற்கு முன் எல்லை 1,000 ரூபாயாகவும் மேல்விகிதம் 12 ஆகவும் இருந்தது. நடுத்தரக் குடும்பத்தின் தீபாவளிச் சுடிதாருக்கு இது நன்மை, மணப்பெண்ணின் தைத்த லெஹங்காவுக்குச் சுமை. சேலையோ தைக்காத துணி என்பதால் விலை எதுவாயினும் பழைய 5 சதவீதத்திலேயே நிற்கிறது. கடன் கொள்முதலை ஒழுங்குபடுத்தும் மற்றொரு விதி, 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியே வருமானவரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்ந்தது: குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லையெனில் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும், தவறினால், பணம் தந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்டலாம். மூன்று மாதக் கடனில் பழகிய ஜவுளி வணிகம் இவ்விதியைக் கசப்போடுதான் ஏற்றது. ஆயினும் நீதியின் பக்கம் நிற்பது அவ்விதியே. தறிக்காரரும் தையற்காரரும் வட்டியில்லாக் கடன் கொடுத்துக் கடைக்காரரின் பருவத்தைத் தாங்கிவந்த வழக்கம் எவ்வளவு பழையதாயினும் காக்கத்தக்கதன்று.

அதே நோக்கில் பார்க்க வேண்டியது, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம். கடைப் பணியாளருக்கு இருக்கை தரவேண்டும் என்கிறது அது. பன்னிரண்டு மணிநேரம் நின்றபடி சேலை விரிக்கும் பெண்ணின் காலுக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது என்பது இத்தொழிலுக்குப் பெருமை சேர்ப்பதன்று. எனினும், சட்டம் வந்த பிறகாவது அந்த நாற்காலி தீபாவளி வாரத்தின் நெரிசலில் கிடங்குக்குப் போகாமல் விற்பனைத் தளத்திலேயே இருக்க வேண்டும்.

1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடியோடு கைத்தறியை விற்கிறது. அதன் சேலைகளில் நெய்த ஊரின் பெயர் சொல்லி விற்பது ஒரு நல்ல மரபு. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடை வைத்திருப்போர் வரும் ஐப்பசிக்குச் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு: விலைச்சீட்டில் விலைக்குக் கீழே, சுந்தரபாண்டியம் என்றோ தளவாய்புரம் என்றோ, அத்துணி பிறந்த ஊரையும் அச்சிடலாம். வாங்குவோர் செய்யத்தக்கது அதைவிட எளிது. சேலையை விரிக்கச் சொல்லும்போது, இது எந்த ஊரில் நெய்தது என்று ஒருமுறை கேளுங்கள். ஜாக்கெட்டை வாங்கும்போது, தைத்தவரின் கூலியை அன்றே கொடுத்துவிடுங்கள்.